முள் ஏறிய பக்கம்

"அந்தச் சிரிப்பை எடுத்துடுங்க," என்றாள் விளாஸ்டா.

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த தம்பியின் உதடு ஒரு பக்கமாக மேலேறியிருந்தது. தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்த சிரிப்பு. இறுதிச் சடங்கு நிலையத்துக்காரர் கையில் சீப்போடு தயங்கினார். வீட்டம்மா கொடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் அப்படி வைத்ததாகவும், இனிமேல் தொட்டால் வாய் கோணிவிடும் என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

"வீட்ல அவன் இப்படிச் சிரிச்சதே கிடையாது."

"எங்க வீட்ல சிரிச்சிருக்கார்." அவனுடைய மனைவி டோரீன் பின்னால் வந்து நின்றிருந்தாள். உடலோடு நியூயார்க்கிலிருந்து வந்தவள். விளாஸ்டாவைப் பார்க்காமல் அவரிடமே சொன்னாள்: "அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது.

கிளீவ்லாந்தில் செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் வாழ்ந்த தெருவில் லாடிஸ்லாவ் கோசெலாகப் பிறந்து, வீட்டில் லாடாவாக வளர்ந்தவன், வாசல் அட்டையிலும் காலைச் செய்தித்தாளிலும் லைல் ஹார்ட்லியாக இருந்தான். வானொலியில் சோப்பு விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தவனை, தொலைக்காட்சி வந்த புதிதில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 'இவருக்கே கைதட்டல்' என்று ஒரு நிகழ்ச்சியை நடத்தினான். மூன்று பெண்கள் மேடையேறித் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டும். மேடை ஓரத்தில் பெரிய கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் ஏறும். யாருக்கு அதிகம் ஏறுகிறதோ அவள் கேட்டது அவளுக்கு. கேள்விக்கான பதில்களை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்ததாக மற்ற போட்டி நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் எல்லாம் பிற்பாடு மாட்டிக்கொண்டபோது லைல் ஹார்ட்லி மேல் மட்டும் ஒரு சொல் விழவில்லை. இன்றைய செய்தித்தாளும் அதைத்தான் தலைப்பாகப் போட்டிருந்தது.

அந்த மேடையில் விளாஸ்டாவும் நின்றிருக்கிறாள். கொரியப் போரிலிருந்து திரும்பிய கணவன் எமிலுக்கு ஆலையில் நிற்க முடியாதபடி கை நடுங்கியது. வீட்டிலிருந்தே துணி தைக்க ஒரு தையல் மெஷின் கிடைத்தால் போதும் என்று தம்பியிடம் கேட்டாள். அவன் அனுப்பியது நியூயார்க்குக்கு பஸ் டிக்கெட். வேறு பெயரில் மேடையேறச் சொன்னான். பாதி சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள், முழுக்கச் சொல்லு என்றான். அவள் முழுக்கச் சொன்னாள். எமில் ராத்திரியில் அலறுவதை, படுக்கையை நனைத்துவிடுவதை, காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து விரிப்பை ஒளித்துவைப்பதை. அதே நேரத்தில் கிளீவ்லாந்தில், ஆலைக்கு எதிரே இருந்த மதுக்கடையில், கூட வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து எமில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரட்டைக் குழந்தை பெற்ற ஒருத்தி ஜெயித்தாள்.

"தட்டினது ஜனங்க. நான் என்ன, முள்ளைப் பிடிச்சு இழுக்கவா முடியும்?" என்றான் லாடா. அதற்குமேல் அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. எமில் பனி உருகியதும் டொலீடோவுக்கு பஸ் ஏறினான். வரவேயில்லை.

கூட்டம் சேரத் தொடங்கியது. நாற்காலி வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் கிழவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மார்வின் டகெட், நிகழ்ச்சியில் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவர். அவள் சொந்தக்காரி என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. செய்தித்தாள் தலைப்பைக் காட்டித் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"இப்போ சொல்றதுல என்ன இருக்கு. அந்த முள்ளு நான்தான். வட்டத்துக்குப் பின்னால உக்காந்து கையால திருப்புவேன். லைல் எந்தப் பொம்பள தோள்ல கை வைக்கிறாரோ, அவங்களுக்கு ஏத்தணும்."

விளாஸ்டா தன் கையுறைகளைக் கழற்றி மடிமேல் வைத்தாள். அன்று மேடையில் தம்பி ஒரு கை தூரம் தள்ளியே நின்றான். அக்கா என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்றுதான் அப்படி நிற்கிறான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"தையல் மெஷின் கேட்டவ ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அவர் அவள் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். செய்தித்தாளை மெதுவாக மடித்தார்.

கோட்டுகள் தொங்கிய சிறு அறையில் டோரீன் கண்ணாடி முன் நின்றிருந்தாள். விளாஸ்டா கதவைச் சாத்தினாள்.

"முள்ளு விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. ஒரு பத்திரிகைக்காரன் சுத்திக்கிட்டிருந்தான். அக்காவே ஜெயிச்சிருந்தா இவர் கதை முடிஞ்சிருக்கும். செருப்புக்கடையில வேலைக்கு நின்னிருப்பார்."

"நின்னிருக்கட்டுமே. எமில் வீட்ல இருந்திருப்பான்."

"மேடையில வாயைத் திறந்தது நீங்க. அதையும் என் புருஷன் தலையில கட்டாதீங்க."

விளாஸ்டா யாருடைய கோட்டையோ பிடித்துக்கொண்டாள். "ஜெயிக்க வைக்கப் போறதில்லன்னா என்னை எதுக்கு வரச் சொன்னான்?"

டோரீன் கைப்பையை மூடினாள். "அன்னிக்கு மேடைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது."

வெளியே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மகன் கிரெக்தான் முதலில் பேசினான். ஊரே ஏமாற்றிய காலத்தில் அப்பாவின் கை சுத்தமாக இருந்தது என்றான். குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பாதிரியார், கூடப் பிறந்தவரும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார். டோரீன் அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையசைப்பதற்குள் விளாஸ்டா எழுந்துவிட்டாள்.

பெட்டியின் பக்கம் அவள் திரும்பவில்லை.

"சின்ன வயசுல இவனுக்கு இருட்டுன்னா பயம். என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். எனக்குத் தெரிஞ்ச லாடா அவ்வளவுதான்." சற்று நிறுத்தினாள். "அந்த முள்ளு, கைதட்டல், கை சுத்தம், அதெல்லாம் மூணாவது வரிசையில உக்காந்திருக்காரே மார்வின், அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுக்குங்க."

தலைகள் திரும்பின. செய்தித்தாளிலிருந்து வந்திருந்த இளைஞனும் திரும்பினான். மார்வின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரெக் அம்மாவிடம் ஏதோ கேட்டான். விளாஸ்டா பக்கவாட்டு நடைவழியாக வெளியே வந்து, கல்லறைக்குக் கிளம்பத் தயாராக நின்ற கார்களைக் கடந்து, பஸ்ஸுக்கு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று கறுப்பு உடையைக் கழற்றப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு கொக்கி. காலையில் எப்படியோ மாட்டிக்கொண்டது, இப்போது விரலுக்கு எட்டவில்லை. பலமுறை முயன்றாள். தோள்பட்டை வலித்தது. கோட்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ரோஸ் டூடெக் மாவுக் கையோடு திறந்தாள். அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசாதவள். விளாஸ்டா உள்ளே வந்து கோட்டை நழுவவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கூட்டம் இருந்துச்சா?"

"நல்ல கூட்டம்."

கொக்கி கழன்றுவிட்டது. ரோஸ் கையை எடுக்கவில்லை. இரண்டு பக்கத் துணியையும் விலகாமல் சேர்த்துப் பிடித்திருந்தாள். விளாஸ்டாவும் நகரவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்துப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.