ரிப்பன் கட்டிய காற்று

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: மனித குலம் இதுவரை மூச்சுவிட்டே வீணடித்த காற்று, இன்று முற்பகல் நல்ல நேரத்தில், ஜவ்வாது மலையில், ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பாயவிருக்கிறது. கல்லூரித் தாளாளர் ரிப்பன் வெட்டுவார். பிறகு மதிய உணவு.

அழைப்பிதழை எழுதியவர் பேராசிரியர் சிவசங்கர். கீழே கல்லூரியிலேயே இந்தச் சோதனையை வைத்தால் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் அடிக்க வருவார்கள் என்பதால், ஆய்வுக்கூடம் மலையேறிச் சாமைக் காடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. வாசலில் நிற்கும் ராட்சத இரும்புத் தொட்டியில் கம்ப்ரசர் காற்றை அடைக்கும். வால்வைத் திறந்தால் அது நாஸில் என்ற கூம்புக்குழாயின் குறுகிய கழுத்தில் நெருக்கியடித்துப் புகுந்து, ரிப்பன் கட்டிய விரிந்த வாய் வழியாகச் சீறும். அந்தச் சீற்றத்துக்குள் வரிசைகட்டி நிற்கும் அதிர்வலைகளைப் படமெடுப்பது சரிதாவின் ஆராய்ச்சி. ஆய்வேட்டில் சிவசங்கர் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷத்திலிருந்து போடப்போகிறார்.

நல்ல நேரம் முடிந்தும் தாளாளரின் கார் மலைப்பாதையிலேயே இருந்தது. கம்ப்ரசர் மட்டும் நிற்கவில்லை. அவர் இறங்கும்போது கம்பீரமாகச் சத்தம் கேட்க வேண்டுமாம்.

அழுத்தமானியின் கண்ணாடியில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் அப்பியிருந்தது. சரிதா துப்பட்டாவால் துடைத்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. கோட்டைத் தொட்டதுமே பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தாள். அதன் வாய் நிறையச் சந்தனம், சிமெண்டாக இறுகிப்போய்.

"அர்ச்சுனண்ணா, இன்னா இது?"

கம்ப்ரசர் ஓட்டும் அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். "பூஜைக்கு வெச்சதும்மா. தாராளமா அப்புய்யான்னாரு சாரு. குச்சி வுட்டுக் குத்தட்டா?"

"கிட்டப் போவாதண்ணா! மூஞ்சியே இருக்காது."

தொட்டி கிழிந்தால் அதிர்வலை சத்தத்தை முந்திக்கொண்டு வரும்; அலறக்கூட அவகாசம் இருக்காது. சரிதாவே ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் கணக்கிட்டது. ஓரத்தில் சிவசங்கர் 'நன்று' என்று எழுதியிருந்தார்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கம்ப்ரசர் நின்றது.

"யார் ஆஃப் பண்ணது?" சிவசங்கர் பட்டுச்சட்டை படபடக்க வந்தார்.

"சேஃப்டி வால்வு அடைச்சிருக்கு சார். தொட்டி வெடிச்சிரும். நாஸில் வழியா காத்த வுட்டுரலாம்."

"ரிப்பன் கட்டியிருக்கறது தெரியல? தாளாளர் வெட்ற ரிப்பன காத்து அறுத்துட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"அவுத்துட்டு மறுபடி..."

"அவுத்துக் கட்டினா சகுனம் ஆவாது. காத்தப் பத்தி எனக்கே பாடமா? கையெழுத்து வேணுமா, வேணாவா?"

தொட்டிக்குள் எங்கோ 'டிக்' என்றது. சிவசங்கர், தன்னை அறியாமல், அர்ச்சுனனுக்குப் பின்னால் போய் நின்றார். சரிதாவின் கை நாஸில் வால்வின் சக்கரத்துக்குப் போயிருந்தது. இரும்பு சில்லென்றிருந்தது.

சிவசங்கரின் போன் அடித்தது. தாளாளர் மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்து, கீழே செங்கத்துக்கே திரும்பிவிட்டாராம்.

"விழா இன்னொரு நாள். அதுவரைக்கும் ரிப்பன் மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வாங்க, சாப்பாடு ஆறுது."

எல்லோரும் நகர்ந்தார்கள். மறுபடி 'டிக்'. சரிதா சக்கரத்தை விடவும் இல்லை, திருப்பவும் இல்லை.

பந்தி, தொட்டியின் நிழலில் போட்டிருந்தது.