பாட்டுக்குப் போன பாப்பா

அன்று பகல் குழந்தைகள் அறைக்கு வெளியே இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் ஓவியர், அதைத் தள்ளிக்கொண்டு வந்த அவருடைய மகன், வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடும் அந்த மகனின் பேத்தி, பதிப்பகத்திலிருந்து கழுத்தில் கேமராவோடு வந்த ஒருவர், கடைசியாக அழுமூஞ்சி.

அழுமூஞ்சி என்பது ஓவியரின் மகள். ஐம்பதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். முறையான பெயர் ஒன்றும் உண்டு, அதை வங்கியில்தான் கூப்பிடுவார்கள்.

அவளைப் பதிப்பகம் வரச் சொன்னது புகைப்படத்துக்காக. ஓவியர் படம் போட்ட குழந்தைப் பாட்டுப் புத்தகம் மறுபடி அச்சாகிறது. பழைய பழுப்பு ஓரம், மங்கிய ரோஜா நிறம், மரக்குதிரை, தொட்டில், குளியல் தொட்டியில் மிதக்கும் தகர வாத்து எல்லாம் அப்படியே. அந்தப் புத்தகத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒரே ஒரு பக்கம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பாப்பா. கீழே நாலு வரி:

சொட்டுச் சொட்டு மழைத்துளி
ஜன்னலோரம் சின்னக்கிளி
அம்மா எப்போ வருவாளோ
அதுவரை பாப்பா அழுவாளோ

"நீங்கதானா மேடம் அது!" என்றார் பதிப்பகத்துக்காரர். வாயெல்லாம் பல். "இந்தப் பக்கம் வந்தா என் பொண்ணு 'பாவம் பாப்பா'ன்னு படத்துக்கே முத்தம் குடுப்பா. என்ன அழுகை, என்ன அழுகை! மழை விடலைன்னுதானே அழுதீங்க?"

"மழையா? அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு" என்றாள் அழுமூஞ்சி.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சூட்டோடு புத்தகத்தை விரித்து, "சரி, பாட்டுக்குப் போலாமா?" என்றார்.

பாவம், அவர் அந்தப் பக்கத்துக்குப் போகலாமா என்றுதான் கேட்டார். ஆனால் நாற்காலியைப் பிடித்திருந்த அண்ணனின் கை சட்டென்று விறைத்தது. அழுமூஞ்சி கைப்பையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் 'பாட்டுக்குப் போவது' என்றால் வேறு. ஊரில் மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டு என்றால் ஆர்மோனியமும் கைதட்டலும். இந்த வீட்டுப் பிள்ளைக்கு அது பூட்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருநாள், "யார் யார் பாட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டபோது ஒருத்தி மட்டும் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஓவியருக்கு ஒரு கொள்கை. பேட்டி கொடுக்கிற இடத்திலெல்லாம் சொல்லுவார். "பாக்காம நான் ஒரு கோடு போட மாட்டேன்." வாத்து வரைய வாத்து வாங்கி வந்தார். உடைந்த பானை வரையப் பானையை உடைத்தார். அழுகிற குழந்தையை வரைய என்ன செய்தார் என்று எந்தப் பேட்டியிலும் எவரும் கேட்டதில்லை.

இப்போது சிக்கல் அந்தப் பக்கத்தில்தான். அச்சகத்துக் கிடங்கில் ஈரம் இறங்கி, மூலப் படத்தில் பாப்பாவின் முகம் இருந்த இடத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது. மற்றதெல்லாம் பத்திரம். முகத்தை மட்டும் ஓவியர் புதிதாக வரைந்து தரவேண்டும். அவருக்கு நடக்க வராது, பாதி நாள் சாப்பிட்டதே நினைவிருக்காது. ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் கை நிற்கும், ஆணி அடித்த மாதிரி.

"குட்டி, இங்க வாம்மா" என்றார் ஓவியர்.

குட்டி ஓடி வந்தது. அவர் அதன் கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கடையில் பழம் பொறுக்குகிறவரைப் போல.

"பாட்டுக்குப் போறியாடா கண்ணு?"

"ஓ! நான் நல்லாப் பாடுவேனே பெரிய தாத்தா" என்று குட்டி அங்கேயே கையை ஆட்டித் தொடங்கிவிட்டது.

"பாட வேண்டாம். உள்ள போய் மரக்குதிரைல உக்காரு. அந்த வாத்தையும் எடுத்துக்கோ. உனக்குத்தான்."

குட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே ஓட்டமாக உள்ளே போனது. ஓவியர் மகன் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். அவனுக்கு வயது அறுபதுக்கு அருகில், பேத்தி எடுத்தவன், அலுவலகத்தில் பத்துப் பேரை மிரட்டியவன். அப்பா கை நீட்டினால் பையன்தான்.

அழுமூஞ்சி கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அவளை விட்ருங்கப்பா."

"நகரு."

"அண்ணா, உன் பேத்திடா அவ. உனக்குமா புத்தி மழுங்கிப் போச்சு?"

"அஞ்சு நிமிஷம்தான்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அழுதா கரைஞ்சா போயிடுவா? புத்தகத்துல வருவா. அவ அம்மாகிட்ட சொல்லிட்டேன், ஆபீஸ்லேர்ந்தே குதிக்கிறா சந்தோஷத்துல. நீயும்தான் அழுத. இப்ப என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?"

பதிப்பகத்துக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் புரியலையே சார்."

"புரிய வைக்கிறேன்" என்றாள் அழுமூஞ்சி. அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, கதவின் மேல்பாதியில் பதித்திருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். கண்ணாடியின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம். படத்து ஜன்னலிலும் அதே சட்டம், அதே இடத்தில் அதே விரிசல். "இந்த ரூம்ல ஜன்னலே கிடையாது. இது கதவு. நான் உள்ள. அப்பா இதோ இங்க ஸ்டூல் போட்டு உக்காந்து வரைவாரு. பூட்டறது அண்ணன் வேலை. எதிர்ல பாத்ரூம் குழாயைத் திறந்துவிடறது அம்மா வேலை, நான் கத்தறது தெருவுக்குக் கேக்கக்கூடாதுல்ல. உங்க மழை அதுதான். இந்த மூலைல ஒரு பூ இருக்கே, எல்லாப் பதிப்புலயும் அழகா ரோஸ் கலர் அடிச்சிருக்கீங்களே, அது பூ இல்ல. சாவித் துவாரம்."

பதிப்பகத்துக்காரர் குனிந்து துவாரத்தைப் பார்த்தார். பிறகு பூவை. ஒரு மனிதன் முகத்தில் இரக்கம் வந்து, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போவதை அழுமூஞ்சி வெகு அருகில் பார்த்தாள்.

"இதெல்லாம்... முன்னுரைல போட வேண்டாம், இல்லையா?" என்றார் அவர். "இல்ல மேடம், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பிரஸ் காத்துட்டிருக்கு. ஒரு முகம்தானே."

உள்ளே குட்டி மரக்குதிரையில் ஆடிக்கொண்டு வாத்தோடு பேசிக்கொண்டிருந்தது. "நீ பயப்படாதே என்ன? நான் இருக்கேன்ல?"

அழுமூஞ்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று உள்ளே ஓர் அடி வைத்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்தான். முறுக்கவில்லை, சும்மா பிடித்தான். "என் பேத்தியைத் தொட உனக்கு என்ன உரிமை? பெத்து வளத்திருந்தா தெரியும்" என்றான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அதை எப்போது எடுத்து வீசவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் கையை உதறிக்கொண்டாள். அப்பாவின் முன்னால் போய்க் குந்தினாள்.

"அப்பா, உங்களுக்கு வேண்டியது கண்ணீர்தானே? நான் போறேன். என்னைப் பாத்து வரைங்க."

ஓவியர் அவளை அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன் கண்ணுல ஏது தண்ணி? நீயே கடைல வாங்கித்தானே ஊத்திக்கிற?"

அது உண்மை. அவள் கைப்பையில் எப்போதும் ஒரு சொட்டு மருந்துப் புட்டி இருக்கும். கண்ணீர் சுரப்பி வறண்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா செத்தபோது வந்தவர்களெல்லாம் ஒரு பாட்டம் அழுது ஓய, இவள் மட்டும் மணலாக இருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

"வரும். சாவி சத்தம் கேட்டா வரும்" என்றாள்.

"வரலைன்னா?"

அண்ணன் உள்ளே குட்டியைப் பார்த்தான்.

ஓவியர் பென்சிலை விரல்களுக்கிடையே உருட்டினார். "சரி. கண்ணீர் உன்னோடது, கன்னம் அவளோடது. அவ இங்க என் பக்கத்துல நிக்கட்டும். இந்தச் சுருங்கின மூஞ்சியை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்றவர் குரலை உயர்த்தினார். "குட்டி, வெளிய வாம்மா. உனக்கு வேற வேலை."

குட்டி வாத்தை இடுக்கிக்கொண்டு மனமில்லாமல் வந்தது. "அத்தைப் பாட்டியா குதிரை ஏறப் போறாங்க?" என்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, பதிப்பகத்துக்காரரைத் தவிர.

அழுமூஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இடம் நினைவிருந்தது. குதிரைக்கும் தொட்டிலுக்கும் நடுவே, கதவைப் பார்த்து. தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முட்டி மளுக்கென்றது.

"பூட்டுடா" என்றார் ஓவியர்.

அண்ணன் சாவியோடு நின்றான். கை எழவில்லை. அவனுக்கு என்ன தோன்றியதோ, சாவியை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று எதிரே இருந்த குளியலறைக்குள் போனான். முகம் கழுவப் போகிறான் என்று பதிப்பகத்துக்காரர் நினைத்தார். குழாய் முழுவேகத்தில் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பேடி" என்றார் ஓவியர். சாவியை எடுத்துக் குட்டியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "நீ பெரிய பொண்ணுல்ல? கதவைச் சாத்து. இதை இந்த ஓட்டைல விட்டுத் திருப்பு. ரெண்டு சுத்து. முதல் சுத்துல உதடு துடிக்கும், ரெண்டாவதுலதான் சொட்டும். அவசரப்படக் கூடாது."

குட்டிக்கு இதுவரை யாரும் சாவி கொடுத்ததில்லை. அதன் முகம் மலர்ந்தது. வாத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளியது.

"குட்டி" என்றாள் அழுமூஞ்சி உள்ளேயிருந்து. "வேண்டாம்டா கண்ணு. நீ பூட்டாதே. பாத்ரூம்லேர்ந்து உன் தாத்தாவை வரச் சொல்லு."

"நானே பூட்டுவேன்!" என்றது குட்டி.

கதவு சாத்திக்கொண்டது. முதல் சுற்று. பதிப்பகத்துக்காரர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ பளபளத்திருக்க வேண்டும், ஓவியரின் பென்சில் தாளில் ஓடத் தொடங்கிவிட்டது. குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, எம்பி நின்று, இரண்டாவது சுற்றையும் திருப்பியது.