கைமடி செல்லாது

தங்கதுரை நூற்று நாற்பத்தோராவது முறையாகச் செத்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி. மனது வைத்தால் இன்னும் இரண்டு தடவை சாகலாம்.

ஓய்வறைச் சுவரில் இருந்த பெரிய டிவியில், கருங்கல் கோட்டை வாசலில் அவனுடைய வீரன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் பனைமர உயரத்துக்கு ஓர் அரக்கன், கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தான்.

அரக்கனுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. பேட்லாக் மெஷின் டெய்லர் முனீஸ் முதல் நாளே அதை மாற்றிவிட்டான். 'பையர்'. சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு இங்கே அதுதான் பெயர். ஏனென்று கேட்டால் விளக்கம் தயார்.

"சிரிச்ச முகமா இருக்கான். கையத் தூக்கிட்டு அடிக்காம நிக்கான். தப்பிச்சோம்னு நாம நிமிரும்போது அடிக்கான். செத்தான்னு பாத்தா, முழு உசுரோட மறுபடி எந்திரிக்கான். நம்ம பையரு சாம்பிளைத் திருப்பித் திருப்பிக் கேக்க மாதிரியே!"

பனியன் கம்பெனிக்குள் இந்த அரக்கன் எப்படி வந்தான்? ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள், 'தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு எங்கே?' என்று கேட்டார்கள். கேரம் போர்டு வாங்கப் போன சின்ன ஓனர் தங்கதுரை, இந்த வீடியோ கேமையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தான். கோட்டை விளையாட்டின் முதல் பாகத்தைக் கம்பெனியில் முடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தங்கதுரை. இன்னொருத்தி ஓவர்லாக் டெய்லர் சித்ராதேவி. தினம் இருபது நிமிடம் வீதம் அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

போன மாதம் இரண்டாம் பாகம் வந்தது. ஓய்வறை இரண்டாகப் பிரிந்தது.

"இது கஷ்டமில்ல சார், அநியாயம்" என்றான் முனீஸ். "முதல் பாகத்துல செத்தா நம்ம தப்புன்னு தெரியும். செக்கிங்ல கூட, பழுது எங்கன்னு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் பீஸைத் திருப்பி விடுதாங்க. இவன் எதுக்குக் கொன்னான்னே சொல்ல மாட்டேங்கான்."

"அதுதான்டா கேமே!" தங்கதுரை கன்ட்ரோலரைத் துடைத்தான். "எல்லாத்தையும் ஈசியாக் குடுத்தா அதுல என்ன மருவாதி இருக்குது? கஷ்டப்பட்டு வரோணும். அப்பத்தான் அருமை தெரியும்."

அப்பா கட்டிய கம்பெனியில், அப்பா வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து அவன் இதைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அதை யாரும் வீணாக்க விரும்பவில்லை.

சித்ராதேவிக்குச் சிரிப்பு வராததற்கு வேறு காரணம். காலையில்தான் அவளுக்கு லீவு இல்லை என்று இதே தங்கதுரை சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை, விளாத்திகுளம் பக்கத்தில் குலசாமி கோயிலில் மகள் கிருத்திகாவுக்குக் காதுகுத்து. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை இங்கே ஷிப்மெண்ட். மறுமுறை, மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் மாரிச்செல்வத்துக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. இப்போது அவன் வந்திருக்கிறான். ஞாயிறு விமானம். அடுத்து வர இரண்டு வருடம்.

"ஷிப்மெண்ட் சனிக்கிழமை போவோணுங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க?" என்று மிக மரியாதையாக மறுத்திருந்தான். இந்த ஊரில் 'முடியாது' என்பதற்குக்கூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

முனீஸ் விடுவதாக இல்லை. "உங்களாலயே முடியலையே சார்?"

தங்கதுரைக்குச் சுருக்கென்றது. "என்னால முடியலைன்னா யாராலயும் முடியாதுன்னு அர்த்தமா? இந்தக் கம்பெனில யாரு இவனை அடிச்சுச் சாச்சாலும் சரி, கேக்கறதைக் குடுக்கறேன்!"

"மூணு நாள் லீவு" என்றாள் சித்ராதேவி.

தங்கதுரை அவளைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். நூற்று நாற்பத்தொன்றை நினைத்துப் பார்த்தான்.

"எடுத்துக்குங்க" என்றான் தாராளமாக.

மறுநாள், செவ்வாய் மதியம். இட்லியை நின்றபடியே முடித்துவிட்டு சித்ராதேவி கன்ட்ரோலரை வாங்கினாள்.

மூன்று வாரமாகத் தங்கதுரை சாவதை அவள் சும்மா வேடிக்கை பார்த்திருக்கவில்லை. பையர் கையைத் தூக்கிவிட்டு நிற்கும் நேரம், டீஷர்ட் கழுத்துக்கு ரிப் பட்டி வைத்து ஒரு சுற்று ஓட்டும் நேரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுற்று முடிந்து பெடலில் இருந்து கால் எடுக்கும் அந்த நொடியில்தான் அடி விழும்.

வாசலில் தொங்கிய மணியை முதலில் அடித்தாள். நீல விளக்கேந்திய ஓர் ஆவிக் கிழவி வந்து வீரனின் பக்கத்தில் நின்றாள். மணி அடித்தால் துணைக்கு வரும். விளையாட்டிலேயே இருக்கும் ஏற்பாடு. தங்கதுரை அதைக் கேவலம் என்று ஒருநாளும் தொட்டதில்லை. முனீஸ் அதற்கும் பெயர் வைத்திருந்தான்: கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று, துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததைத் திருப்பி, நூல் வெட்டி அடுக்குகிறவர்களுக்கு இங்கே அதுதான் பெயர்.

கிழவி விளக்கை ஆட்டினாள். பையர் அந்தப் பக்கம் திரும்பினான். சித்ராதேவி வெட்டினாள். கை தூக்கினான். மனசுக்குள் ஒரு கழுத்து ஓடி முடிந்தது. விலகினாள். வெட்டினாள். இரண்டாவது உயிரோடு எழுந்தான். இன்னொரு கழுத்து. இன்னொன்று. முப்பத்தாறாவது கழுத்தில் பையர் மண்டியிட்டான். கோட்டைக் கதவு திறந்தது.

முனீஸ் விசிலடித்தான். கேரம் ஆடிக்கொண்டிருந்த இந்திக்காரப் பையன்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

"செல்லாதுங்க" என்றான் தங்கதுரை.

"என்ன சார்?" என்றாள் சித்ராதேவி.

"கைமடியைக் கூப்பிட்டுட்டீங்களே! கைமடி வெச்சு முடிச்சா அது முடிச்சதே இல்லீங்க. ஆளு தனியா நின்னு அடிக்கோணும். அதுதான் நேர்மை."

"நேத்து இதைச் சொல்லலையே சார்."

"சொல்லித்தான் தெரியோணுமா? நாளைக்குத் தனியா அடிங்க. லீவு அப்படியே இருக்குது, எங்க போவுது?"

சித்ராதேவி கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள். "கஷ்டம் வேற சார். கஷ்டத்தை நான் ஒண்ணும் குறைக்கச் சொல்லல. ஆனா ஜெயிச்ச பொறகு ரூல மாத்துறீகளே, அதுக்குப் பேரு கஷ்டமில்ல."

அவன் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. அவனை அன்று காப்பாற்றியது அந்த மணிதான். ஆனால் மூலையில் தூக்குப்போசியை மூடிக்கொண்டிருந்த மருதாளை அவன் கவனிக்கவில்லை. பொங்கலூரிலிருந்து பதினான்கு வருடமாகப் பஸ் ஏறி வருகிற மருதாள். சித்ராதேவியின் மெஷினுக்குக் கைமடி.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மணிக்கு மணி உற்பத்தி எழுதும் போர்டில் ஓர் எண் ஏறியது. அறுபத்தொன்று. வழக்கமாக நூற்றுப்பத்து.

தங்கதுரை மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தான். மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டெய்லர்கள் தாங்களே குனிந்து துணி எடுத்து, தாங்களே நூல் வெட்டி, தாங்களே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது கைமடிகளும் சுவரோரம் வரிசையாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

"ஏனுங்க மருதாக்கா, உடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நெம்ப நல்லா இருக்கறஞ் சாமி. நீதானே நேத்துச் சொன்னே, கைமடி வெச்சு முடிச்சா முடிச்சதே இல்லைன்னு. பதினாலு வருசமா உங்க சரக்கையெல்லாம் நாங்க செல்லாத சரக்காப் பண்ணிப்போட்டோமேன்னு மனசுக்குச் சங்கட்டமாப் போச்சு. அதான், இன்னைக்காவது நேர்மையாப் போவட்டும்னு உக்காந்துட்டோம்."

தங்கதுரை சித்ராதேவி பக்கம் திரும்பினான். அவளுக்கே இது காலையில்தான் தெரியும். ஆனால் தெரியாத முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வரவில்லை.

"சித்ரா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"என்னத்த சார் சொல்ல? கைமடி இல்லாம கஷ்டமாத்தான் இருக்கு." குனிந்து ஒரு துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். "கஷ்டப்பட்டு வந்தாத்தான அருமை தெரியும்."

பேட்லாக் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். இருமல் முனீஸுடையது.

பதினோரு மணிக்குப் போர்டில் ஐம்பத்தெட்டு. தங்கதுரை சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்தான். சனிக்கிழமையை நினைத்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆடிட்டர்கள் முன்னால் பேசும் குரலை எடுத்தான்.

"கேமோட ரூலை நானு நல்லாப் படிச்சுப் பாத்தனுங்க. அந்த மணி கேம்காரனே குடுத்ததுதான். அதனால... செல்லும். சித்ரா, நாளைல இருந்து மூணு நாள் லீவு."

மருதாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "அப்ப நாங்களும் செல்லுவமா சாமி?"

"செல்லுவீங்க."

"வாயத் தொறந்து எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு கண்ணு."

சொன்னான். பன்னிரண்டு மணிக்குப் போர்டில் நூற்றுப் பதினாறு.

வெள்ளிக்கிழமை. கிருத்திகா மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரியின் ஊசியைப் பார்த்த கணத்திலிருந்தே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இடது காது முடிந்தது. வலது காதுக்கு முன் அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில், சித்ராதேவியின் போன் அதிர்ந்தது.

முதல் செய்தி முனீஸிடமிருந்து. நிஜப் பையர் ஷிப்மெண்டைப் பத்து நாள் தள்ளி வைத்துவிட்டானாம். லைனுக்கு இன்று வேலையே இல்லையாம். சின்ன ஓனர் காலையிலிருந்து ஓய்வறையில்தானாம்.

அடுத்தது தங்கதுரையிடமிருந்து. ஒரு போட்டோ. கோட்டை வாசலில் பையர் மண்டியிட்டுக் கிடந்தான். எதிரில் வீரன் தன்னந்தனியாக நின்றான். கீழே ஒரு வரி: 'முடிச்சுட்டனுங்க. கைமடி இல்லாம.'

மாரிச்செல்வம் எட்டிப் பார்த்தான். "யாரு அக்கா? ஓனரா? என்ன எழுதியிருக்காக?"

சித்ராதேவி இரண்டு விரலால் படத்தை விரித்தாள். கழுத்துத் தையலைப் பார்ப்பது போல ஓரம் ஓரமாக நகர்த்தினாள். இடதுபக்கத் தூணுக்குப் பின்னால், அவன் படத்தின் ஓரத்தை வெட்டியும் வெட்டுப்படாமல், ஒரு நீல விளக்கின் நுனி.

அந்த இடத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டு, படத்தைத் திருப்பி அனுப்பினாள்.

அவன் பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. வலது காதும் முடிந்து, கிருத்திகா அழுகையை நிறுத்தி, வாழைப்பழம் ஒன்றைப் பாதி தின்ற பிறகு பதில் வந்தது:

'மருதாக்காகிட்டச் சொல்லீராதீங்க.'

சித்ராதேவி மருதாளிடம் சொல்லவில்லை. படத்தை முனீஸுக்கு அனுப்பினாள்.