தொண்டைக் கதிர்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். மாடித் தொட்டி வழிந்து ஜன்னல் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் நிறுத்துவேன். பால் பாக்கெட்டைக் கழுவி, வெட்டி, காய்ச்சுவேன். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி. நேற்றைய குழம்பு இருந்தால் சூடாக்குவேன். இல்லாவிட்டால் தயிர். தெருவுக்குப் போட்ட செருப்பை வாசலில் விட்டு, வீட்டுக்கென்று இருக்கும் செருப்புக்கு மாறுவேன். அது என் மனைவி பிரகதியின் வழக்கம். அவள் ஆராய்ச்சி நெல் வளர்த்த நெட் ஹவுஸில், பூச்சி புகாத வலைக்கூடத்தில், அப்படித்தான் மாற்ற வேண்டும், வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பிறகு பூட்டிக்கொண்டு பாலிடெக்னிக்குக் கிளம்புவேன். தஞ்சாவூரில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள், பால் பொங்குவதற்குள் தஹ்மீனா போன் செய்தாள். பிரகதியிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி. பிரகதியின் சாவுக்கு வந்தவள், அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேலாகப் பேசவில்லை.

“சார், அக்காவோட பை உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“அதுல பேப்பர் கவர்ல நெல்லு இருக்கும். அடுத்த வாரம் கமிட்டி வர்றாங்க. ஒவ்வொரு விதைக்கும் கணக்குக் காட்டணும். வந்து வாங்கிக்கட்டுமா?”

“வாங்க.”

பை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். உடலோடு பிரகதியின் ஊருக்குப் போய், என்னோடு திரும்பி வந்தது. நான் திறக்கவில்லை.

பிரகதீஸ்வரி ஏழு வருடம் ஒரே வேலையைச் செய்தாள். துங்ரோ என்று நெல்லுக்கு ஒரு நோய். இலை ஆரஞ்சு நிறமாகும், பயிர் வளராமல் குட்டையாக நின்றுவிடும். இரண்டு வைரஸ்கள் சேர்ந்து உண்டாக்குவது. பச்சைத் தத்துப்பூச்சி ஒரு பயிரில் உறிஞ்சி அடுத்த பயிரில் கொண்டுபோய் விடும். அந்த வைரஸின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா மூலமாக நெல்லுக்குள் ஏற்றினாள். துண்டு உள்ளே இருக்கும் பயிர், பிறகு வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு நறுக்கிவிடும். முதல் மூன்று வருடம் எல்லாப் பயிரும் ஆரஞ்சாகித்தான் செத்தது. நாலாவது வருடம் ஒரு வரிசை பச்சையாகவே நின்றது. அன்றைக்கு அவள் பரோட்டா வாங்கி வந்தாள்.

அப்பாவின் வயலில் நோய் வந்ததைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சிக்குப் போனாள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அந்த வருடம் அந்த ஆய்வகத்தில்தான் ஓர் இடம் காலியாக இருந்தது. “இன்டர்வியூல கேட்டா அப்பா வயல்னு சொல்லுவேன், எடுபடும்” என்பாள்.

தஹ்மீனா வந்து தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் பிரகதியின் கையெழுத்து. ஒரு கவர் தட்டையாக இருந்தது. வாய் கிழிந்திருந்தது.

“சார், இது காலியா இருக்கு.”

மாமியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பூவம்மாள் அத்தை உடனே சொல்லிவிட்டாள்.

“ஆமாந் தம்பி, காடாத்துக்கு எடுத்தோம். கடையில வாங்கின நவதானியத்துல நெல்லு பதரா இருந்துச்சு. எம் பொண்ணு கைப்பட எழுதி வச்ச நெல்லு இருக்கையில கடை நெல்லு எதுக்குன்னாரு மாமா. அதத்தான் தட்டுல போட்டுக் குடுத்தோம். அருமையா மொளச்சிருக்கு தம்பி. தெனம் போயி ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டு வர்றாரு.”

தஹ்மீனா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தட்டு நினைவிருக்கிறது. எரித்த மறுநாள் காலை எலும்பு பொறுக்கினோம். சாம்பலைக் கூட்டிச் சமப்படுத்தினார்கள். பால் தெளித்தேன். யாரோ தட்டை நீட்டினார்கள், அள்ளித் தூவினேன். தட்டில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

“சார், சுடுகாடு பக்கத்துல வயல் இருக்கா?”

“ஒட்டியே இருக்கு. வரப்புதான் நடுவுல.”

“பூத்துடுச்சுன்னா மகரந்தம் அந்த வயலுக்குப் போயிடும். இது வெளியில விட அனுமதி இல்லாத நெல்லு சார். நான் கமிட்டிகிட்ட சொல்லித்தான் ஆகணும், மறைக்க மாட்டேன். பூக்கறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டோம்னு சொல்ல முடிஞ்சா விட்டுடுவாங்க. பூத்துடுச்சுன்னா மொத்தமா மூடிடுவாங்க. அக்கா ஏழு வருஷமா பண்ணது எல்லாம் கொளுத்திடுவாங்க.”

“எப்பப் பூக்கும்?”

“வெதச்ச ரெண்டரை மாசத்துல பூக்கும்.” விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “இன்னிக்கே போங்க சார். வேரோட எடுங்க, படம் எடுங்க, அங்கயே எரிச்சுடுங்க. நான் லேபுக்குப் போயி சொல்லிடறேன்.”

பாலிடெக்னிக்குக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டி அவர்கள் ஊர். மாமாவும் நானும் அதிகம் பேசியதில்லை. எங்கள் வீடு கடலோரம். அப்பாவுக்குப் படகு, அம்மா மீன் விற்பாள். கல்யாணம் பேசப் போனபோது மாமா மகளிடம் சொன்னது எனக்கும் கேட்கத்தான் சொன்னது. “ஏன்டி, வல போடறவன் வீட்டுக்குப் போயி நாத்தா நடப் போற?” பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. பிணவறை வாசலில்தான் நேராகப் பார்த்தார். “எங்க ஊருக்குக் கொண்டு போறேன்” என்றார். தலையாட்டினேன்.

சுடுகாடு ஆற்றங்கரையில். மாமா அங்கேதான் இருந்தார். வீரையன் என்று பெயர், ஊரில் எல்லோருக்கும் வீரையண்ணன். ஆடு வராமல் கருவேல முள்ளை வெட்டி வட்டமாகப் போட்டிருந்தார். உள்ளே கறுப்பு மண்ணில் நெல். கொத்துக் கொத்தாக, கரும்பச்சையாக, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அடுத்த வயலில் சம்பா நின்றது.

“வாங்க” என்றார். “சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க.”

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே முள்ளை ஒழுங்குபடுத்தினார்.

“பிடுங்கறதா?”

“ஆமா மாமா.”

“எம் பொண்ணு வெந்த எடத்துல மொளச்சத?”

நான் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

“நோய் வராத நெல்லுன்னுதான சொன்னா? நோயவே எடுத்து நெல்லுக்குள்ள வச்சிருக்கேன்னா. நல்ல வேல பாக்குற போன்னு சிரிச்சேன். நல்ல நெல்லுதான? அப்பறம் எதுக்குப் பிடுங்கணும்?”

“நல்லதா இல்லையான்னு அவ இன்னும் பாத்து முடிக்கல மாமா.”

“நெல்லு பாத்து அம்பது வருஷம் ஆச்சு எனக்கு. நீங்க மீனப் பாத்தவரு.”

“அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வயல்காரரு இதை எடுத்து வெதச்சு, சாப்பிட்டு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பேரு கெடும்?”

“ஒண்ணும் ஆவாது.”

“ஆகாதுன்னுதான் அவளும் நெனச்சா. ஆனா நெனச்சத எழுத மாட்டா. பாத்தத்தான் எழுதுவா. பூத்துடுச்சுன்னா அவ எழுதினது எல்லாத்தையும் தள்ளிடுவாங்க.”

அவர் வயலைப் பார்த்தார். வயல் அவருடைய பங்காளியுடையது. பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

“ஒரு கதிரு. ஒண்ணே ஒண்ணு வெளிய வரட்டும். பாத்துட்டு நானே பிடுங்கிடறேன். யாருக்குத் தெரியும்?”

“ஒண்ணு பூத்தாலும் பூத்ததுதான் மாமா.”

“அவ இருந்தா இப்பிடி வந்து நிப்பாளா?”

“அவ இருந்தா உங்ககிட்ட பேசிட்டே நின்னிருக்க மாட்டா. இந்நேரம் பிடுங்கி முடிச்சிருப்பா.”

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம். “அப்பிடித்தான்” என்றார். ஆனால் முள்ளிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் முள்ளைத் தாண்டி உள்ளே போனேன். ஓரத்தில் தடித்த தூர் ஒன்றைப் பார்த்து, நடுத் தண்டை மட்டும் ஒடித்தேன். பிரகதி வீட்டு மாடியில் தொட்டியில் நெல் வளர்த்து, தண்டைப் பிளந்து பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். சாதாரண நெல்தான் அது. கட்டை விரல் நகத்தால் மேலிருந்து கீழே கீறி, இலை உறையைப் பிரித்தேன். உள்ளே கதிர் இருந்தது. வெளிறிய பச்சை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது, இன்னும் பிஞ்சாக, ஈரமாக. இங்கே இதைத் தொண்டைக் கதிர் என்பார்கள். இரண்டு மூன்று நாளில் தானாக வெளியே வந்திருக்கும்.

“இந்தாங்க மாமா.”

இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மணிகளை விரலால் நீவினார். நோய் இருக்கிறதா என்று இலையின் பின்பக்கத்தையும் பார்த்தார், பழக்கத்தில்.

“நல்ல கதிரு” என்றார். “நீளமான கதிரு.”

பிறகு முள்ளை அவரே தள்ளி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து குனிந்தார். களை எடுப்பதுபோல் அடியில் பிடித்துச் சுழற்றி இழுத்தார், வேர் முழுதாக வந்தது. நான் இழுத்தது பாதியில் அறுந்தது.

“அங்க புடிக்காதீங்க மாப்ள. தண்டுல புடிச்சா வருமா? கீழ, கீழ.”

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கீழே பிடித்தேன். வந்தது.

உளுந்தும் பயறும் அங்கங்கே காய்த்திருந்தன. அவற்றை விட்டோம். நெல்லை மட்டும் ஒன்று விடாமல் எடுத்தோம். மண்ணைக் கிளறி வேர் பார்த்தோம். படம் எடுத்துத் தஹ்மீனாவுக்கு அனுப்பினேன். பச்சைப் பயிர் சீக்கிரம் எரியவில்லை. வைக்கோலும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். கருவேல முள்ளையும் மேலே போட்டார். கையில் வைத்திருந்த கதிரைக் கடைசியாகப் போட்டார். போடுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், போட்டார்.

தஹ்மீனாவிடமிருந்து பதில் வந்தது. கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டாளாம். அடுத்த போகம் வரை அந்த இடத்தைப் பார்க்க ஆள் வருவார்களாம். லேபில் இருக்கும் அக்காவின் நெல் வரிசைகள் தப்பித்துவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டினேன். மாமா தலையாட்டினார்.

ஆற்றில் கை கால் கழுவினோம். கரையில் உட்கார்ந்தபோது கேட்டார்.

“ஆம்புலன்ஸ்ல ‘அப்பா’ன்னாளாம். எங்க அக்கா சொன்னா.”

“யாரு சொன்னா அவங்களுக்கு?”

“தெரியல. இன்னொருத்தி ‘தண்ணி’ன்னு கேட்டதா சொன்னா.”

“லாரி மோதினப்பவே நினைவு போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு மாமா. எதுவும் பேசல.”

“அப்ப கடைசியா என்னதான் சொன்னா?”

அன்று மத்தியானம் நான்தான் போன் செய்தேன். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, ஓடிபி அவள் போனுக்குப் போயிருக்கிறது, அதைக் கேட்க. அவள் நெட் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தாள். அந்த வாசலுக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது. அன்றைக்கு அங்கே அவளோடு பேச வேறு யாரும் இல்லை, காவலாளி சாப்பிடப் போயிருந்தார். எண்ணைச் சொன்னாள். விதைகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நான் சாயங்காலம் மீன் வாங்கவா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

“கதவத் தொறந்து வச்சிட்டே பேசிட்டிருக்கேன், பூச்சி உள்ள போயிடும். வச்சிடறேன்.”