போஸ்டரில் இடம் கிடைத்தவர்கள்

மாணவர் அலுவலக அதிகாரி டெனிஸ் பேனா மூடியைக் கழற்றி, அராபாவின் மாணவர் சான்றான ஐ-20 தாளின் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.

"இந்தக் கையெழுத்து ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஆனா உன் விசா முடிஞ்சு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெளிய போனா, புது விசா இல்லாம திரும்ப உள்ள வர முடியாது. தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் அராபா. அந்தப் பயத்தில்தான் நான்கு வருடமாக அவள் ஊருக்கே போகவில்லை. அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும், ஒஹையோவின் அக்டோபர்க் குளிரில் நடந்துகொண்டே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, கையெழுத்து வாங்கியாச்சு. கிறிஸ்துமஸுக்கு வரேன்."

"இங்க வந்தப்புறம் விசா தரமாட்டேன்னுட்டா?"

"படிப்பு போச்சு. இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி."

"போனா போகட்டும். இங்க மீன் இருக்கு, சோளமாவுக் கென்கே இருக்கு, நான் இருக்கேன்." அப்பா கோபினா எசுமனுக்கு எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். "சரி, வை. இந்த அட்டோ என் காயைத் திருடுறான்."

"தோக்கிறவன் பேச்சைக் கேக்காதே பொண்ணே," என்று பின்னாலிருந்து, அப்பாவோடு பலகை ஆட்டம் ஆடும் நண்பர் அட்டோவின் குரல் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் தம்பி எகோ கூப்பிட்டான். மாமரத்தடியில், ஆட்டப் பலகைக்கு முன்னால், அப்பா சிரித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்ததால், அடுத்த காயை யோசிக்கிறார் என்று நினைத்து அட்டோ வெகுநேரம் காத்திருந்தாராம்.

அவர்கள் ஊரான கேப் கோஸ்டில் யாரையும் அவசரப்பட்டுப் புதைப்பதில்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். எட்டாம் நாள் குடும்பம் கூடி அடக்கத்துக்குத் தேதி குறிக்க உட்கார்ந்தது. குடும்பத்துக்குத் தலைவர் அப்பாவின் தம்பி, குவெகு சித்தப்பா. அவர் போன் செய்தார்.

"உன் விசா தேதி என்னைக்கு?"

"இன்னும் கிடைக்கல சித்தப்பா. எத்தனை மாசம் ஆகுமோ."

"ஆகட்டும். அதைப் பார்த்துத்தான் நாங்க தேதி வைப்போம். உங்கப்பாவுக்கென்ன அவசரம்?"

எவுராசி அத்தை போனைப் பிடுங்கினாள். "சோறு அஞ்சு நிமிஷம் தாமதமானா வீட்டையே ரெண்டாக்குவான் என் அண்ணன். இப்ப பாரு, எவ்வளவு பொறுமை."

அராபா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமைக்கு விசா நேர்காணல் தேதி கிடைத்தது. அதே வாரம் சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. அவள் போய் இறங்கியபோது வீட்டுச் சுவரில் ஒட்டிய இரங்கல் போஸ்டரில் அப்பா ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மைத்துனர்கள் என்று பெயர்கள் நெருக்கியடித்தன. முதல் பெயர் அவளுடையது. 'முனைவர் அராபா எசுமன், அமெரிக்கா.'

"சித்தப்பா, நான் இன்னும் முனைவர் ஆகல."

"அது அடுத்த வருஷம் வந்துரும். போஸ்டர் அடுத்த வருஷம் அடிக்க முடியுமா?"

வியாழக்கிழமை தலைநகர் அக்ராவுக்கு அவள் தனியாகப் போகவில்லை. துக்கத் துணி வாங்கப் போகிறோம் என்ற சாக்கில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் கிளம்பினார்கள். அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ச் சாரியில், வேப்பமர நிழலில் அத்தனை பேரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் ஐ-20 தாளைப் புரட்டிப் பார்த்தான். டெனிஸின் கையெழுத்தில் ஒரு விநாடி நின்றான்.

"படிப்பு முடிஞ்சதும் இந்த ஊருக்குத் திரும்பி வருவீங்கன்னு நான் எப்படி நம்புறது? உங்களுக்கு இங்க யார் இருக்கா?"

அப்பா இருக்கிறார் என்பதுதான் நான்கு வருடத்துக்கு முன்பு அவள் சொன்ன பதில். இப்போது அந்தப் பதில் செல்லாது. வங்கிக் கடிதத்தைத் தேடிக் கோப்பைத் திறந்தாள். அக்ரா உறவினர்களுக்குக் கொடுக்கச் சித்தப்பா செருகி வைத்திருந்த, அந்தப் போஸ்டரின் சிறிய பிரதி கையில் வந்தது. யோசிக்காமல் அதை விரித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

அவன் குனிந்து படித்தான். விரலால் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டான்.

"இத்தனை பேரா?"

"இவங்க இடம் கிடைச்சவங்க. இடம் கிடைக்காதவங்க எங்க சித்தப்பாவோட சண்டை போட்டுட்டு இருக்காங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு புருவம் சுருங்கியது. "இதுல உங்களை முனைவர்னு போட்டிருக்கே. மாணவின்னுதானே விண்ணப்பம்?"

அவள் போஸ்டரைக் கீழே இறக்கினாள். "மாணவிதான் சார். அது எங்க குடும்பம் போட்டது. நீங்க என்னைப் படிக்கத் திரும்ப அனுப்பினாதான் அது உண்மையாகும். இல்லேன்னா எங்கப்பா போஸ்டர்ல ஒரு பொய் நின்னுடும்."

அவன் வெகுநேரம் தட்டச்சு செய்தான். பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்குங்க. அப்பா மறைவுக்கு என் அனுதாபங்கள்."

அவள் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அத்தைதான் முதலில் பார்த்தாள்.

"பாஸ்போர்ட் எங்கடி?"

"அவங்க வச்சுக்கிட்டாங்க அத்தை."

அவ்வளவுதான். அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். அண்ணனுக்காகச் சனிக்கிழமைக்கென்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேயே கிளம்பிவிட்டது. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். காவல்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"அத்தை, கேளு. தரமாட்டேன்னா கையில குடுத்து அனுப்பிடுவாங்க. வச்சுக்கிட்டாங்கன்னா விசா ஒட்டித் தருவாங்கன்னு அர்த்தம்."

அத்தை மூச்சு வாங்கினாள். கண்ணீரைத் துடைக்கவில்லை, ராகத்தையும் விடவில்லை. அதே ராகத்தில் சொற்களை மட்டும் மாற்றிக் கடவுளுக்கு நன்றி பாடத் தொடங்கினாள். சித்தப்பா கைக்குட்டையை எடுத்துச் சுழற்றினார். காவல்காரர்களில் ஒருவனுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது.

சனிக்கிழமை ஊதுகுழல் வாத்தியக்காரர்கள் முன்னால் போக, தெருவே கறுப்பும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டு போனது. மண்ணள்ளிப் போடுவதற்கு முன்பு அட்டோ எழுந்து இரங்கலுரை படித்தார்.

"அந்தக் கடைசி ஆட்டத்துல ஜெயிச்சுக்கிட்டிருந்தது நான்தான்."

"பொய்!" என்றது கூட்டம் முழுவதும். அட்டோ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து அராபா எழுந்து போய், அவர் கையைப் பிடித்து ஆட இழுத்தாள்.

பிப்ரவரியில் ஒஹையோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெனிஸ் அவளுடைய புது விசாவையும் விமான நிலையத்து முத்திரையையும் நகலெடுத்துக்கொண்டு கணினிக்குத் திரும்பினாள்.

"ஊர் முகவரியை மட்டும் சரிபார்த்துடலாம். ஏதாவது மாத்தணுமா?"

அராபா திரையைப் பார்த்தாள். கோபினா எசுமன், தபால் பெட்டி 417, கேப் கோஸ்ட்.

"இல்ல," என்றாள். "அதேதான்."