செருப்புத் தைப்பவன் சொல்லுகிறேன்

ஊர்ப் பாட்டுக்கூடத்தில் பாடும் பாட்டுகளைக் கட்டியவர் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். சிலர் அவரைப் பக்தர் என்பார்கள், சிலர் சூஃபி என்பார்கள். அவரையே கேட்டிருந்தால், வார் அறுந்துபோச்சா, கொடு என்றிருப்பார். கூடத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும், யார் வேண்டுமானாலும் பாட்டெடுக்கலாம், எடுத்த பாட்டை யாரும் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கடைசி அடியில் தன் தொழிலைச் சொல்லித்தான் முடிப்பார்: ‘செருப்புத் தைப்பவன் சொல்லுகிறேன், உன் வாசல் எனக்கும் வாசல்.’

கூடத்தின் இப்போதைய தலைவர் ஜவுளிக்கடைக்காரர். அந்த வார்த்தை அவர் தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. ‘செம்மை மனத்தவன் சொல்லுகிறேன்’ என்று மாற்றிவிட்டார். ஜனங்களும் தலையாட்டிக்கொண்டு அதையே பாடினார்கள். கடைத்தெருவில் செருப்புத் தைத்த ஒருத்தன் மட்டும் பழைய வார்த்தையைப் பாடினான். தலைவரே அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அப்புறம் அவன் பாடவேயில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தான்.

இப்போது அந்தக் கடையில் இருப்பவன் அவன் தம்பி. பட்டப்பெயர் பசை. ஒட்டினால் விடமாட்டான். அந்தப் பழைய வார்த்தை தலைவர் வாயிலிருந்தே நாலு பேர் கேட்க வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறந்த அன்று அவன் சட்டை மாற்றினான்.

“உங்க அண்ணன் பட்டது போதாதா?” என்றாள் மனைவி.

“பாடத்தானே போறேன்.”

“பாடப்போற மூஞ்சியா இது?”

கூடத்தில் வெளியூர் விருந்தாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தலைவருக்கு நாக்கு நீண்டுவிட்டது. “இங்க பேதமே கிடையாது. யார் வேணா பாட்டெடுக்கலாம்!” என்றார்.

பசை எழுந்து போய்த் தாளத்தை எடுத்துக்கொண்டான்.

அவன் ஒரு அடி பாட, கூட்டம் திருப்பிப் பாடியது. கடைசி அடியில் ‘செருப்புத் தைப்பவன்’ என்றான். விருந்தாளிகளுக்கு மாற்றின கதை தெரியாது, கேட்டதை அப்படியே பாடினார்கள். உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் ‘செம்மை’ என்றார்கள்.

“அடி சேரல, மறுபடியும்” என்றான் பசை. மேளக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். திரும்பத் திரும்பப் பாடியதில் கூடம் மொத்தமும் ‘செருப்பு’க்கு வந்துவிட்டது, தலைவரைத் தவிர.

“ஐயா வாய் மட்டும் அசையலியே, பல்வலியா?”

கூட்டம் சிரித்தது. தலைவர் குனிந்து, “விடுப்பா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

“பாட்டு முடியலையே ஐயா.”

வேறு வழியில்லாமல் அவர் பாடினார். ‘செருப்புத் தைப்பவன்’ என்னும்போது குரல் உடைந்து கண்ணில் நீர் வந்துவிட்டது.

“எவ்ளோ பக்தி பாருங்க!” என்று ஒரு விருந்தாளி அம்மாள் கைகூப்பினாள்.

பசை தாளத்தை நிறுத்தினான். விட்டால் அந்த ஆள் இன்றைக்கே மகானாகிவிடுவான்.

“பக்தியுமில்ல, ஒண்ணுமில்லம்மா. இந்த வார்த்தையப் பாடினதுக்குத்தான் எங்க அண்ணன் கழுத்தப் பிடிச்சு வெளியே தள்ளினாரு. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க.”

தலைவர், “மன்னிச்சிடுப்பா” என்று கைகளைக் குவித்தார்.

“மன்னிக்கிறதெல்லாம் மகான்கள் வேலை. எனக்குச் செருப்புத் தைக்கத்தான் தெரியும்.” குவிந்த கைகளைப் பிரித்து, தாளத்தை அவற்றில் வைத்தான். “இனிமே வாராவாரம் இந்தப் பாட்ட நீங்கதான் எடுக்கணும். நான் எதிர்ல உக்காந்து கேப்பேன். ம், எடுங்க.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பேசவில்லை. முதலடியிலிருந்து ஆரம்பித்தார்.