அந்தரத்தில் நின்ற பலா

2024 வைகாசி ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே பிரகதீஸ்வரியின் பலாமரம் வேரோடு தரையைவிட்டு ஒரு சாண் உயர்ந்து நின்றது. காய் ஒன்றும் உதிரவில்லை. அவள் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வேருக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். கை அந்தப் பக்கம் வந்தது. மரத்தைத் தூக்கியிருந்தது கோயில் காட்டிலிருந்து வந்த கொடி.

அந்தக் கொடியை நட்டவர் அவள் கணவர் பெரியகருப்பன். கஜா புயலன்று, நாற்பது பலாவில் ஒன்றாவது நின்றால் உன் காட்டைப் பச்சையாக்குகிறேன் என்று அய்யனாருக்கு நேர்ந்துகொண்டார். இந்த ஒன்று நின்றது. கோயில் காட்டில் பாதி மரங்கள் சாய்ந்து மண்குதிரைகள் வெயிலில் நின்றன. கன்று வளர வருஷமாகும் என்று, புறவழிச்சாலையோரம் கம்பிவேலியை மூடிக் கிடந்த கொடியில் நாலு முழம் அறுத்துவந்து ஊன்றினார். அதன் பெயர் யாருக்கும் தெரியாது. சாமிக்கு விட்டதில் இரும்பு பட்டால் நேர்ந்தவன் கை விளங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் வருஷம் குதிரைகளுக்கு நிழல் வந்தது. ஊர் அவரைப் பாராட்டியது. இரண்டாம் வருஷம் வீரை, உசிலை மரங்கள் கொடிக்கு அடியில் இலையற்று நின்றன. மூன்றாம் வருஷம் மயில்கள் நடந்தே திருவரங்குளம் பக்கம் போயின. பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, வரிசை கலையாமல் போயின. தேனீக்கள் போனதை யாரும் பார்க்கவில்லை. முருங்கை பூத்தும் காய்க்காதபோது தெரிந்தது. அதன்பிறகு கொடி தூக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மண்குதிரை, அப்புறம் பெரியகருப்பனின் மோட்டார் கொட்டகை. கொட்டகை ஒரு முழம் உயரத்தில் நின்றது. மோட்டார் ஓடியது. ஏறி இறங்க இரண்டு கல் போட்டுக்கொண்டார்கள்.

பலாவும் கிளம்பியதைப் பார்த்து, பக்கத்து வயல் அடைக்கலமேரி வரப்பில் நின்று சிரித்தாள். "நாங்க மெழுகுதிரி நேருவோம், எரிஞ்சு முடிஞ்சிரும். ஒங்க வீட்டுக்காரரு முடியாத சாமானாப் பாத்து நேந்திருக்காருக்கா."

வெட்டலாமா என்று கேட்க, பூசாரி ஆண்டியப்பன் வேளார் சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டார். சிவப்பு வந்தால் வெட்டலாம், வெள்ளை வந்தால் கூடாது. பிரித்தால் இரண்டு பொட்டலத்திலும் கொடியின் இலை இருந்தது. மூன்று வெள்ளிக்கிழமையும் அப்படியே. "சாமி வாயத் தொறக்க மாட்டேங்குது ஆத்தா. அதையும் கொடி மூடிருச்சோ என்னவோ."

ஆனி பிறந்தபோது மரம் ஆளுயரத்தில் நின்றது. ஊர் பழகிக்கொண்டது. நிழலுக்கு அதன் அடியில் பைக்கை நிறுத்தினார்கள். பிரகதீஸ்வரி தினமும் தொங்கும் வேர்மேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். பைக்குகள் நனைந்தன. உச்சியிலிருந்து இலை பழுக்க ஆரம்பித்த அன்று, அவள் அரிவாளைத் தீட்டினாள்.

"ஒங்க கை போயிரும்ங்கிறாங்க" என்றாள்.

பெரியகருப்பன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த மரமும் போச்சுன்னா இத வச்சு என்னத்தப் பறிக்கப் போறேன். வெட்டு."

கோயில் காட்டில் கொடியின் தூர் அவர் தொடை அளவு இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் நின்றார். நாலாவது வெட்டில் தூர் அறுந்தது. தோப்புப் பக்கம் மரம் மண்ணில் உட்காரும் சத்தம் கேட்டது. பிரகதீஸ்வரி திரும்பவில்லை.

"ஏங்க, கையத் தூக்குங்க பாப்போம்."